கீர்த்தியின் சித்தப்பா அந்தோணி

கைலாசம் குடியை விட்டு இரண்டு வருடம் ஒரு மாதம் ஆகியிருந்தது. அன்று அவர் மகள் கீர்த்திக்கு நிச்சயதாம்பூலம். ஆனந்தமாக இருக்க வேண்டிய மனிதர், விடிந்ததிலிருந்து தறியில் ஓடும் நாடா மாதிரி வாசலுக்கும் கூடத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தார்.

காரணம், மாப்பிள்ளையின் அம்மா அம்சவேணி. வாலாஜாபாத்துக்காரர், இருபத்தாறு வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பெண் பார்க்க வந்த அன்றே உடைத்துப் பேசிவிட்டார்.

“பொண்ணு தங்கம். ஆனா நீங்க குடிச்சவர்னு ஊரே சொல்லுது. ஆஸ்பத்திரில வைத்தியம் பாத்த சீட்டு இருந்தா காட்டுங்க, நம்பறேன். குடிகாரனுங்க வட்டமா உக்காந்து பேசினா குடி போயிடுமா?”

“போச்சும்மா.”

“எத்தினி நாளைக்கு? சரி, நிச்சயத்தன்னிக்கு உங்க ஜனங்களப் பாத்துட்டு முடிவு சொல்றேன்.”

சீட்டுக்கு எங்கே போவார்? ஓரிக்கையில் வியாழக்கிழமைதோறும் நடக்கும் கூட்டத்தில்தான் அவர் குடியை விட்டார். அங்கே யார் பெயரையும் எழுதுவதில்லை. ஜனங்களுக்கும் வழியில்லை. குடித்த காலத்தில் அவர் சண்டை போடாத பங்காளி கிடையாது. ஒருவரும் வர மாட்டோம் என்றுவிட்டார்கள்.

அதனால் கூட்டத்து நண்பர்கள் நான்கு பேரை உறவுக்காரர்களாக வரச் சொன்னார்.

“அந்தோணி, நீ என் தம்பி. பேரு முத்துக்குமார். கூட்டத்தப் பத்தி மூச்சு விடாதே.”

“விடுப்பா, நான் இன்னா சின்னப் புள்ளயா?” என்றார் ஆட்டோ ஓட்டும் அந்தோணி.

கூடத்தில் பாதியைத் தறி அடைத்திருந்தது. மீதி இடத்தில் நாற்காலிகளை வட்டமாகத்தான் போட முடிந்தது. எல்லோருக்கும் டீ வந்தது. அம்சவேணி அந்தோணியைப் பார்த்தார்.

“நீங்க பொண்ணுக்கு இன்னா உறவு?”

அந்தோணி எழுந்தார். வட்டமாக முகங்கள், கையில் டீ, எல்லோரும் அவர் வாயையே பார்க்கிறார்கள். எட்டு வருடக் கூட்டத்துப் பழக்கம் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

“என் பேரு அந்தோணி. நான் ஒரு குடிநோயாளி. இன்னிக்குக் குடிக்கல.”

“வணக்கம் அந்தோணி!” என்றன நான்கு குரல்கள் ஒரே மூச்சில். அதில் கைலாசத்தின் குரலும் ஒன்று.

மாப்பிள்ளை உதயகுமார் சட்டையில் டீயைக் கொட்டிக்கொண்டான்.

“முத்துக்குமார்னு சொல்லச் சொன்னோமேடா, பாவி!” என்றார் தாய்மாமனாக வந்திருந்த கலியன்.

கைலாசம் எழுந்து கைகூப்பினார். “சொந்தம்னு பொய் சொல்லிட்டேம்மா. நான் பண்ண கூத்துக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் வரல. இவங்கதான் வந்தாங்க.”

அம்சவேணி அவரைப் பார்க்கவேயில்லை. அந்தோணியிடம் கேட்டார். “உங்க கூட்டத்துல எத்தினி பேரு?”

“பன்னெண்டு.”

“திரும்பக் குடிச்சவங்க?”

கைலாசம் கண்ணை மூடிக்கொண்டார்.

“அஞ்சு பேரும்மா. நானே நடுவுல ரெண்டு வாட்டி. மூணு பேரு திரும்பி வந்துட்டோம். ரெண்டு பேரு வரல, போயிப் போயிக் கூப்ட்டுக்கினு இருக்கோம்.”

அம்சவேணி டீயைக் கீழே வைத்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

“வார்டுல எவனக் கேட்டாலும் ‘ஒரே ஒரு கட்டிங்தான் சிஸ்டர்’ன்னுவான். நேரா பதில் சொன்ன குடிகாரன இன்னிக்குத்தான் பாக்கறேன்.”

கலியனுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. “உங்க ஆஸ்பத்திரில எத்தினி பேரும்மா திரும்பக் குடிச்சாங்க?”

“வாயப் பாரு! அங்கயும் பாதிப் பேரு திரும்பி வருவாங்கதான். ஆனா ஒண்ணு. மொடாக்குடியன் திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரும். மொதல்ல டாக்டரு, அப்புறம் உங்க பேச்சு. நானே வந்து சொல்றேன். மாத்திரை வேணாம்னு எவனாவது சொன்னான், உதைதான்.”

“வாங்கம்மா, டீ மட்டும் சுமாரா இருக்கும்,” என்றார் அந்தோணி.

கூடமே சிரித்தது. உள்ளே கதவோரம் நின்ற கீர்த்தி எல்லோரையும்விட உரக்கச் சிரித்தாள்.

“தட்ட எடுங்க சம்பந்தி,” என்றார் அம்சவேணி.

கைலாசம் தாம்பூலத் தட்டைத் தூக்கினார். வெற்றிலை சலசலத்தது, தேங்காய் உருண்டது. அம்சவேணி சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

“இன்னா, கை நடுங்குது?”

“பொண்ணக் குடுக்கறேனேம்மா. நடுங்காதா?”

அம்சவேணி ஒரு கையால் தேங்காயைப் பிடித்தபடி, மறு கையால் தட்டை வாங்கிக்கொண்டார்.