மூன்றாம் சுற்று எலிகள்

ஆவி என்று ஒன்று கிடையாது என்பதை மனித வரலாற்றில் முதன்முதலாக நுண்ணோக்கியின் கீழ் வைத்து நிரூபித்தவன் தக் கிபோம். தால்போங் கால்நடை மருத்துவக் கல்லூரி, நோயியல் துறை, முதுகலை இரண்டாம் ஆண்டு. நிரூபணம் மிக எளியது. எலியின் கல்லீரல், முயலின் சிறுநீரகம், கோழியின் குடல் என்று ஆயிரக்கணக்கான ஸ்லைடுகளை அவன் பார்த்துத் தீர்த்திருந்தான். சாயம் ஏற்றினால் உயிரணுவின் கரு ஊதாவாகும், மிச்சமெல்லாம் இளஞ்சிவப்பாகும். மூன்றாவதாக ஒரு நிறம் இதுவரை தட்டுப்படவில்லை. ஆகவே ஆவி இல்லை.

"போன வாரம் குடல்ல இருந்த புழுவையே நீ கோட்டை விட்ட. ஆவி மட்டும் உன் கண்ணுல பட்டுடுமா?" என்றாள் யோன்ஜு அக்கா.

யோன்ஜு அதே ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவள். படிப்பு முடியும் என்கிற நம்பிக்கையை மட்டும் முடித்துவிட்டவள். அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. எலியை, உயிர் போக்கும் வாயுப் பெட்டிக்குள் விடுமுன் உள்ளங்கையில் ஒரு கணம் வைத்துக்கொண்டு, "ரொம்பச் சிரமப்பட்டீங்க. போய்ட்டு வாங்க" என்பாள். சாயங்காலம் அலுவலகம் முடிந்து கிளம்புகிறவர்களுக்கு அந்த ஊரில் சொல்கிற அதே வார்த்தை, அதே மரியாதை.

"எங்க போய்ட்டு வரணும்க்கா? பஸ் பிடிச்சு ஊருக்கா?" என்பான் கிபோம். "சிரமப்பட்டீங்கன்னு சொல்றதுக்கு அதுங்க என்ன சம்பளத்துக்கா வந்துச்சு?"

"சம்பளம் இல்லாம வேலை பாக்குறது நீயும்தாண்டா. உன்கிட்ட ஒருநாளாவது சொன்னேனா?"

தனி ஒருத்தியின் பைத்தியமாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பான். கல்லூரிக்கே அந்தப் பைத்தியம் இருந்தது. விலங்குக் கூடத்துக்குப் பின்னால், ஆய்வில் இறந்த உயிர்களுக்காக ஒரு நடுகல். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அதன்முன் படையல். எலிக்குத் தீவனக் குளிகை, முயலுக்குக் கேரட், எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிண்ணம் மக்கொல்லி என்கிற அரிசிக் கள். இறைச்சி மட்டும் கூடாது. ஒரு வருடம் மாணவர் சங்கம் மற்ற பூசைகளில் வைப்பதுபோலவே வேகவைத்த பன்றித் தலையைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டது. அந்த வருடம் படையல் வாங்க வேண்டியவர்களில் பாதிப் பேர் பன்றிகள். தலையைத் துணி போட்டு மூடி, முதல்வரின் காருக்குள் ஒளித்து வைத்தார்கள்.

அந்த வருடத்தில் எந்த ஆய்வகம் அதிக உயிர்களைச் செலவழித்ததோ, அதுதான் நடுகல் முன்னால் அஞ்சலியுரை வாசிக்க வேண்டும். இந்த வருடம் அந்தப் பெருமை பேராசிரியர் பாங்கின் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தது.

பாங் கெட்டவர் அல்ல. கல்லீரலில் சேர்ந்த கொழுப்பைக் கரைக்க ஒரு மருந்தைப் பல வருடங்களாக நம்பிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். முதல் சுற்று எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கரையவில்லை. இரண்டாம் சுற்றிலும் கரையவில்லை. எந்த எலி மருந்து தின்றது, எது தின்னவில்லை என்று தெரியாமல் கிபோம் ஸ்லைடுகளை ஒருமுறை படித்தான், யோன்ஜு தனியாக ஒருமுறை படித்தாள். இரண்டு பேருக்கும் ஒரே விடை.

"அஞ்சலியுரையை நீ எழுது. கல்லூரிப் பத்திரிகையில எல்லாரையும் கிண்டல் பண்ணி எழுதுறவன் நீதானே, கொஞ்சம் உருக்கமாவும் எழுதத் தெரியும்ல?" என்றார் பாங். "அப்புறம், வர்ற திங்கக்கிழமை மூணாவது சுற்று எலிங்க வந்து இறங்குது. இதுவரை எடுத்ததுல ரெண்டு மடங்கு."

"எதுக்கு சார்? விடைதான் வந்துடுச்சே."

"அது விடை இல்லப்பா. இன்னும் விடை வரல."

"வந்துச்சு சார். உங்களுக்குப் பிடிக்கல."

பாங் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன் ஆய்வேடு இதுலதான் இருக்கு, கிபோம். ஸ்லைடு படிக்க நீ இல்லைன்னா எனக்கு வேற ஆள் கிடைப்பான். ஆய்வேடு இல்லைன்னா உனக்கு வேற பட்டம் கிடைக்குமா?"

வெளியே வந்ததும் யோன்ஜு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "டேய், ஆவி இல்லன்னு தினம் முழங்குற. உனக்கு எதுக்குடா எலி மேல இந்தக் கரிசனம்?"

"எலி மேல கரிசனம் இல்லக்கா. ஒருத்தர்கிட்ட கேள்வி கேட்டு, பதில் சொன்னதும் அவரைக் கொன்னுட்டு, அதே கேள்வியை அவர் தம்பிகிட்ட போய்க் கேட்டா, அதுக்குப் பேரு ஆராய்ச்சியா?"

"அப்ப உரையை வாசிக்க மாட்டியா?"

"வாசிப்பேனே. உருக்கமா."

வியாழக்கிழமை நடுகல் முன்னால் கறுப்பு உடையில் கூட்டம் நின்றது. முதல்வர், பேராசிரியர்கள், மாணவர்கள். விலங்கு நெறிக் குழுவின் தலைவியான ஓக் மேடம் மாட்டுத் தொழுவத்திலிருந்து நேராக வந்திருந்தார், கறுப்புக் கோட்டின் கீழே ரப்பர் பூட்ஸ். சாமந்திப் பூக்களுக்கு நடுவில் வைத்திருந்த குளிகைகளை ஒரு மேக்பை பறவை நோட்டம் விட்டுக்கொண்டிருந்தது.

இந்த உரைக்கென்று ஒரு பழைய தொடக்கம் உண்டு, 'தலை வணங்கி அறிவிப்பது' என்று. கிபோம் தாளை விரித்து, ஒரே ஒரு சொல்லை மாற்றி வாசித்தான்.

"நோயியல் துறையின் சார்பில் தக் கிபோம் தலை நிமிர்ந்து அறிவிப்பது. முதல் சுற்றுப் பெரியோர்களே, மருந்து வேலை செய்யவில்லை என்று உங்கள் கல்லீரலால் சொன்னீர்கள். நாங்கள் நம்பவில்லை. இரண்டாம் சுற்றுப் பெரியோர்களே, நீங்களும் அதையே சொன்னீர்கள். உங்களையும் நம்பவில்லை. ஆகையால் திங்கட்கிழமை உங்கள் தம்பிமார்களை அழைத்திருக்கிறோம்."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். முதல்வர் தன் ஷூவைப் பார்த்தார்.

"உங்களுக்கு ஆவி இருக்குமானால், தயவுசெய்து எங்கள் பேராசிரியரின் கனவில் போய் ஒருமுறை நேரில் சொல்லுங்கள். ஏராளமான உயிர் மிச்சமாகும். ஆவி இல்லையென்றால் இந்தக் கேரட்டும் மக்கொல்லியும் உங்களுக்கு எதற்கு? நீங்கள் சொன்னதை நாங்கள் நம்பியிருந்தாலே போதும். அந்த ஒரு மரியாதையைத்தான் உங்களுக்கு நாங்கள் செய்யவில்லை."

தாளை மடித்தான். சடங்குப்படி இப்போது எல்லோரும் பாயில் மண்டியிட்டு விழுந்து வணங்க வேண்டும். வணங்கினார்கள். பாங்கும்தான். கிபோம் மட்டும் விளக்குக் கம்பம் போல நின்றான். மேக்பை வந்து ஒரு குளிகையைக் கொத்திக்கொண்டு போனது.

ஓக் மேடம் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "பாங், ரெண்டாவது சுற்று முடிஞ்சிடுச்சா? எங்க குழுவுக்கு ஒரு வரி கூட வரலையே."

"எண்ணிக்கை போதல மேடம். அதனாலதான் இன்னும் கொஞ்சம்…"

"இத்தனை எலி போதும்னு ஆரம்பத்துல கணக்குப் போட்டு எங்ககிட்ட அனுமதி வாங்கினது யாரு?"

"நாந்தான்."

"கணக்கு தப்பா, இல்ல விடை தப்பா?"

படையல் முன்னால் நின்று சண்டை போடுவது மரியாதை இல்லை என்று முதல்வர் எல்லோரையும் சூப் குடிக்க அழைத்துப் போனார். சூப் ஆறுவதற்குள் ஓக் மேடம் அனுமதியை ரத்து செய்துவிட்டார். திங்கட்கிழமை எலி வண்டி வரவில்லை.

அன்றைக்கு பாங் கிபோமைக் கூப்பிட்டார். குரல் உயரவில்லை. "வேற ஆய்வகம் பாத்துக்கோ."

"சரி சார்."

"ஒரு வருஷம் போகும் உனக்கு."

"தெரியும் சார்."

"என்கிட்ட தனியா வந்து சொல்லியிருக்கலாம்."

"சொன்னேன் சார்."

பாங் மேசை மேலிருந்த அனுமதி ரத்துக் கடிதத்தை மடித்து வைத்தார். பிறகு, "போறதுக்கு முன்னாடி கூடத்துல மிச்சம் இருக்குறதை முடிச்சுக் கொடுத்துட்டுப் போ" என்றார்.

மிச்சம் என்றது இரண்டாம் சுற்றில் எதற்கும் இருக்கட்டும் என்று விட்டுவைத்த நான்கு எலிகளை. மூன்றாம் சுற்றில் சேர்த்துக்கொள்ள வைத்திருந்தவை. இப்போது மூன்றாம் சுற்றே இல்லை. அனுமதி போன பிறகு ஆய்வு எலியைக் கூண்டில் வைத்திருக்க விதி இடம் தராது. வேறு ஆய்வகங்களிடம் கிபோம் கேட்டுப் பார்த்தான். மருந்து உள்ளே போன எலி யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. தான் ஜெயித்ததற்கு இந்த நான்கு பேர்தான் விலை என்பது அவனுக்குப் புரிந்தது. யாரிடமும் அதைப் பற்றி அவன் முழங்கவில்லை.

"நான் பண்ணிடுறேன், நீ போடா" என்றாள் யோன்ஜு.

"வேணாங்க்கா. நானே பண்றேன்."

அவள் போனதும் கதவைச் சாத்தினான். மறுபடி திறந்து நடைவழியை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டுச் சாத்தினான். கூண்டைத் திறந்தபோது முதல் எலி தானாகவே கையில் ஏறியது; ஆள் பழக்கம். உள்ளங்கையில் அதன் வயிறு வெதுவெதுப்பாக இருந்தது. காற்றோட்ட விசிறியின் இரைச்சல் போதுமான அளவுக்கு இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுக்கொண்டான்.

"ரொம்பச் சிரமப்பட்டீங்க" என்றான், உதடு அசைகிற அளவுக்கு மட்டும். "போய்ட்டு வாங்க."

நான்கு பேரிடமும் தனித்தனியாகச் சொன்னான். பெட்டியை மூடி வாயுவைத் திறந்த பிறகு, கண்ணாடிக்குள் எல்லாம் அடங்கும்வரை அவன் தலை குனிந்தே இருந்தது.