மூன்றாம் மாடியில் சிக்னலைக் குறைத்த கதை

1.

இந்தக் கதை என்னுடையதல்ல. அக்காவிடமிருந்து எடுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே, "ஆஸ்பத்திரியில சிக்னலைக் குறைச்சேன்டா, அப்புறம்தான் ஒழுங்கா வேலை செஞ்சுது" என்றாள். எழுதிவிடுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: 'கூரையில் வெள்ளைப் பெட்டிகள் உறங்காத கண்களைப் போல—'

வேண்டாம். படித்தால் சிரிப்பாள். அவை வைஃபை தருகிற ஆக்சஸ் பாயின்ட்கள். அவ்வளவுதான்.

2.

அக்கா ஒரு பெரிய மருத்துவமனையில் நெட்வொர்க் பொறியாளர். அங்கே படுக்கையருகே இருக்கும் மானிட்டர் அலாரம் அடித்தால், செவிலியர் கையிலுள்ள போனுக்கு வைஃபை வழியாகச் செய்தி வரும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூன்றாம் மாடியில் அது நாற்பது விநாடி தாமதமாக வந்தது. நோயாளியான பெரியவரின் மகள் தாழ்வாரத்தில் ஓடிவந்து கத்திய பிறகுதான் ஆட்கள் போனார்கள். பெரியவர் பிழைத்துக்கொண்டார்.

(அவர் இறந்திருந்தால் கதை கனக்குமே என்று அப்படியும் எழுதிப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. அடித்துவிட்டேன்.)

3.

"எல்லாப் பெட்டியிலயும் பவரை ஏத்துங்க" என்றார் நிர்வாகி.

"ஏற்கெனவே உச்சத்துலதான் சார் இருக்கு. குறைக்கணும்."

"காது கேக்கலைங்கிறவங்ககிட்ட யாராவது மெதுவாப் பேசுவாங்களா?"

"இங்க எல்லாரும் ஒரே நேரத்துல கத்துறாங்க சார். அதான் யார் பேசறதும் கேக்கல."

(உங்களுக்காக ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகள் ஒரே சேனலில், அதாவது ஒரே அலைவரிசையில், இருந்தால், ஒன்று பேசி முடிக்கும்வரை மற்றவை காத்திருக்க வேண்டும். பவர் கூடக்கூட, காத்திருக்கும் பெட்டிகளும் கூடும். போதாததற்கு, செவிலியர் நடந்து போனாலும் அவர் போன் தலைக்கு மேலிருக்கும் பெட்டிக்கு மாறாது. தூரத்துப் பெட்டியும் பலமாகக் கேட்பதால் அதையே விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருக்கும்.)

நிர்வாகியை வில்லனாக்கப் பார்த்தேன். அந்த மகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான் என்று தெரிந்ததும் கை வரவில்லை.

"ஒரு மாடி. ஒரு மணி நேரம். ஏதாவது ஆச்சுன்னா உங்க தலைதான்."

"சரி சார்."

4.

அந்த ஒரு மணி நேரம் மானிட்டர்களை நேரில் கவனிக்க, தலைமைச் செவிலியர் ஒவ்வோர் அறை வாசலிலும் ஒருவரை நிறுத்தினார். அக்கா சேனல்களைப் பிரித்து ஒதுக்கினாள். பவரைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கினாள். தூரத்துப் பெட்டியோடு ஒட்டிக்கொள்ள உதவும் குறைந்த வேக இணைப்புகளை அணைத்தாள். பிறகு ஒரு செவிலியரின் போனைக் கையில் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்தாள்.

பதினோரு அறைகள் சரி. கடைசி அறையில் சிக்னல் சுத்தமாக இல்லை.

"பழையபடி ஏத்திடுங்க" என்றார் நிர்வாகி போனில்.

"இன்னும் இருபத்திரண்டு நிமிஷம் இருக்கு சார்."

ஏணி போட்டு ஏறினாள். பெட்டியை யாரோ ஏசிக் குழாயின் தகரத்துக்குப் பின்னால் பொருத்தியிருந்தார்கள். இத்தனை நாள் முழுப் பவரில் கத்தியதால் அந்தக் குறை வெளியே தெரியவில்லை. அவள் கை நடுங்கியது—

(இந்த வரியை அக்கா அடித்துவிட்டு ஓரத்தில் எழுதியது: 'நடுங்கல. ஏணிதான் ஆடுச்சு.')

பெட்டியை இரண்டு முழம் தள்ளிப் பொருத்தினாள். சோதனை அலாரம் அடித்தார்கள். போன் உடனே அலறியது.

"இன்னொரு தடவை" என்றார் தலைமைச் செவிலியர். ஒன்பது முறை அப்படிச் சொன்னார்.

5.

முடிவு ஒன்று: நிர்வாகி மன்னிப்புக் கேட்கிறார். நடக்கவில்லை. மற்ற மாடிகளையும் முடித்துத் தரும்படி இரண்டு வரியில் மெயில் அனுப்பினார்.

முடிவு இரண்டு: அடுத்த வாரம் அதே மாடியில் நிஜமாகவே ஓர் அலாரம். நானே போய்த் தலைமைச் செவிலியரிடம் விசாரித்தேன். "வந்துச்சு. போனோம். பாத்தோம்" என்றார். உச்சக்கட்டத்தில் எதுவுமே நடக்காத கதையை எப்படி முடிப்பது?

அக்காவிடமே கேட்டேன்.

"அதுக்குள்ள என்னடா முடிவு? நாளைக்குத்தான் நாலாவது மாடி. அங்க சுவரே வேற மாதிரி" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனாள்.

ஆகவே நாலாவது மாடியை உங்களிடம் விடுகிறேன். எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் எங்காவது சிக்னல் போகும்; யாராவது அவசரப்படுத்துவார்கள். அப்போது மட்டும் பவரை ஏற்றிவிடாதீர்கள்.