அரளிப் பொட்டலம்

மூட்டையின் வாயைத் தானாக அவிழ்த்துக் காட்டுகிறவனைத் தில்லைநாயகம் பிள்ளை நம்பமாட்டார். மேலே நல்ல நெல்லைப் பரப்பிவிட்டு அடியில் பதரை அடைத்திருப்பான் என்பது அவர் கட்சி. குத்தூசியால் மூட்டையின் இடுப்பில் ஒரு குத்து, அடியில் ஒரு குத்து. வந்ததை உள்ளங்கையில் கொட்டி ஊதிப் பார்த்த பிறகுதான் விலை பேச வாயைத் திறப்பார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட மனிதருக்குத் திருநெல்வேலி டவுனில் இத்தனை காலம் நெல் தரகு ஓடியதென்றால், ஓட்டியது அந்தச் சந்தேகம்தான்.

அப்படிப்பட்டவர் வீட்டுக்குத் தொண்ணூற்றேழாம் வருஷம் பங்குனியில் மூன்று கனத்த உறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. ஒன்று அமெரிக்காவிலிருந்து, ஒன்று ஹாலந்திலிருந்து, ஒன்று டெல்லியிலிருந்து. மூன்றும் அவர் மகள் விஜயஸ்ரீக்கு. எம்.ஏ. பொருளாதாரம் முடித்தவள், முக்கூடல் பக்கத்துக் கிராமங்களில் வாய்க்கால் தண்ணீர்க் கணக்கெடுப்புக்கு இரண்டு வருஷம் அலைந்தவள், பொதுக்கொள்கை மேற்படிப்புக்கு மனுப் போட்டிருந்தாள்.

மனுப் போடும்போது பிள்ளைவாள் தடுக்கவில்லை. மெட்ராஸுக்குக் கூட்டிப்போய்ப் பரீட்சை எழுதவைத்தார். பேராசிரியர்களிடம் சிபாரிசுக் கடிதம் வாங்க அவள் நடையாய் நடந்தபோதும் சும்மாதான் இருந்தார். பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம். எவனும் இடம் கொடுக்கமாட்டான் என்ற திடமான நம்பிக்கை. ஆசை தீர எழுதிப்போடட்டும், பதில் வராது, அப்புறம் கல்யாணப் பேச்சை எடுக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்.

மூன்று பேரும் வா என்று எழுதியதும் அவருக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. இந்தப் பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்காதவன் எதற்காக வா என்கிறான்? அமெரிக்காக்காரன் படிப்புச் சம்பளத்தில் பாதியைத் தள்ளித் தருகிறேன் என்றான். ஹாலந்துக்காரன் அதற்கு மேலே போய்ப் படிப்பும் சும்மா, இருக்க இடமும் சோறும் சும்மா என்று எழுதியிருந்தான். அங்கேதான் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சும்மா சோறு போடுதேன்னு ஒருத்தன் சொன்னாம்னா, நம்மகிட்ட இருந்து என்னத்தையோ எடுக்கப்போறான்னு அர்த்தம்" என்றார்.

விஜயஸ்ரீ பொறுமையாக எடுத்துச் சொன்னாள். அமெரிக்காவில் பேர் பெரிது, ஆனால் அங்கே பெரும்பாலும் கணக்குத்தான். டெல்லியில் மந்திரிகள் அலுவலகத்துக்கு ஆள் தயார் செய்கிறார்கள். ஹாலந்தில் மட்டும்தான் பாசனத்தை வைத்தே ஒரு பாடம் இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆட்கள் வந்து படித்தார்கள்.

"தலைமடையில ரெண்டு போகம் விளையுது, கடைமடையில குடிக்கதுக்கே தண்ணியில்ல. ஆறு ஒண்ணுதான், சட்டமும் ஒண்ணுதான். ஏன் இப்படி ஆகுதுன்னு படிக்கதுதாம்பா அது."

"அதுக்கு ஹாலந்துக்காரன் என்னத்துக்கு? என்னைக் கேளு, நான் சொல்லுதேன். தலைமடைக்காரன் களவாங்குதான்."

"அதைத் தடுக்கது எப்படின்னு படிக்கணும்."

"அரசாங்கத்துக்குப் புத்தி சொல்லுத படிப்பு. சொன்ன உடனே அது கேட்டுரும்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வேண்டாம் என்று ஒரு நாளும் அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் சண்டையாவது போட்டிருப்பாள். "பார்ப்போம்" என்றார். காலையில் கேட்டால் பார்ப்போம், சாப்பிடும்போது கேட்டால் பார்ப்போம். அந்த ஒரு சொல்லால் வீட்டின் எல்லாக் கதவையும் சாத்திவைத்திருந்தார். சித்திரை பிறந்ததும் அமெரிக்காவுக்குப் பதில் போடவேண்டிய தேதி வந்தது, அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், தேதி போய்விட்டது. விஜயஸ்ரீ அந்த உறையை எடுத்துப் பீரோவுக்கு அடியில் தள்ளினாள். அழவில்லை. அதற்குப் பிறகு அவள் வீட்டில் நடமாடிய விதம் வேறாக இருந்தது. வெயில் நேரத்தில் கூண்டுக்குள் கிளி கம்பியோரமாக ஒதுங்கி நிற்குமே, அப்படி. அதைப் பார்க்கும்போதெல்லாம் பிள்ளைவாளுக்கு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சல் யார்மேல் என்று அவர் யோசித்துப் பார்க்கவில்லை.

ஹாலந்தின் தேதி வைகாசியில். டெல்லிக்கு ஆனி வரைக்கும் பொழுது இருந்தது. டெல்லியில் அவர் மச்சினன், அவர் மனைவி சொர்ணாம்பாளின் தம்பி, கரோல்பாக்கில் குடியிருந்தான். அது போக, நாங்குநேரியில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் ஆனியில் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். டெல்லி என்று முடிவானால் ஆனிக்குள் அந்தப் பேச்சை முடித்து, டெல்லிக்கும் போகவிடாமல் செய்துவிடலாம். இதை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

வைகாசித் தேதி நெருங்கியபோது அவரே வழியைச் சொன்னார். பேச்சியம்மனிடம் பூக்கட்டிப் பார்த்துவிடலாம்.

அந்தக் குடும்பத்தில் பெரிய காரியம் எதுவானாலும் முக்கூடல் பக்கம் ஆற்றங்கரையில் இருக்கிற பேச்சியம்மன் கோயிலில்தான் முடிவாகும். ஒவ்வொரு வழிக்கும் ஒரு நிறப் பூவை இலையில் மடித்து, நாரால் கட்டி, அம்மன் காலடியில் போடுவார்கள். வீட்டுப் பெண் ஒருத்தி கண்ணை மூடி ஒன்றை எடுப்பாள். எடுத்ததைப் பிரித்துப் பார்க்கலாம். எடுக்காததைப் பிரிக்கக்கூடாது, அப்படியே ஆற்றில் விட்டுவிட வேண்டும். பிரித்தால் அம்மனைச் சந்தேகப்பட்ட மாதிரி. அம்மன் கையில் விட்ட காரியத்தை அப்புறம் வீட்டு ஆம்பிளை திரும்ப எடுத்துப் பேசக்கூடாது என்பதும் முறை. அந்த முறையை வைத்துத்தான் வயல் பாகப்பிரிவினையில் தன் தம்பியின் வாயைப் பிள்ளைவாள் அடைத்திருந்தார்.

விஜயஸ்ரீ ஒன்றே ஒன்று கேட்டாள். எத்தனை பொட்டலம்?

மூன்று என்றார். ஹாலந்து, டெல்லி, போகவேண்டாம்.

"ரெண்டுதாம்பா. போகலாமா வேண்டாமான்னு கேக்கக்கூடாது. எங்க போகணும்னு மட்டும் கேளுங்க. அப்படின்னா வாரேன்."

பிள்ளைவாள் கொஞ்சம் மீசையைத் தடவிவிட்டுச் சரி என்றார். இவ்வளவு சீக்கிரம் அவர் இறங்கிவந்ததைப் பார்த்துச் சொர்ணாம்பாளுக்கே ஆச்சரியம்.

கடைசித் தேதியன்று காலையிலேயே பஸ் ஏறினார்கள். ஹாலந்து விழுந்தால் அன்று சாயங்காலமே டவுனில் பேக்ஸ் கொடுத்துவிடலாம் என்று விஜயஸ்ரீ சம்மதக் கடிதத்தைத் தட்டச்சு செய்து பையில் வைத்திருந்தாள். கோயிலில் பூசாரிதான் வழக்கமாகப் பொட்டலம் கட்டுவார். பிள்ளைவாளுக்கு அவர்மேல் நம்பிக்கை இல்லை. கணக்கெடுக்க வந்த நாட்களில் இவள் அவரோடு பேசிப் பழகியிருக்கிறாள், ஒரு வார்த்தை சொல்லிவைத்திருந்தால்? ஆகவே நானே கட்டுகிறேன் என்று இலையையும் நாரையும் வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போனார். செவ்வரளி என்றால் ஹாலந்து, வெள்ளரளி என்றால் டெல்லி.

பின்னால் யாரும் இல்லை. இரண்டு இலையிலும் வெள்ளரளியையே வைத்தார். அவசரம் இருந்தது. சாக்குத் தைத்துப் பழகிய கைக்கு வாழைநார் வழுக்கியது. ஏதோ சுற்றி, ஏதோ முடிந்தார். செவ்வரளியை வேலிக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டு வந்தார்.

எடுத்தது சொர்ணாம்பாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, உதடு எதையோ முணுமுணுக்க, கையை அலையவிட்டு ஒன்றைத் தொட்டாள். பூசாரி பிரித்தார். வெள்ளை.

விஜயஸ்ரீ திருநீற்றை வாங்கிப் பூசிக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் பிள்ளைவாள் விபூதித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயித்துவிட்டோம் என்று நெஞ்சுக்குள் சொல்லிப் பார்த்தார். சொன்னது உள்ளே எங்கேயும் ஒட்டவில்லை.

மிச்சப் பொட்டலத்தை விஜயஸ்ரீதான் ஆற்றில் விட்டாள். பிரிக்கவில்லை, முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. குனிந்து தண்ணீரில் வைத்துவிட்டுப் படியேறிப் போய்விட்டாள். கீழ்ப்படியில் கால் நனைத்துக்கொண்டிருந்த சொர்ணாம்பாளின் பக்கமாகப் பொட்டலம் மிதந்து வந்தது. ஈரம் பட்டதும் நார் நழுவியது. இலை பைய விரிந்தது.

நாலைந்து வெள்ளரளிகள் அவள் காலைச் சுற்றிக்கொண்டு போயின.

சொர்ணாம்பாள் பூவைப் பார்த்தாள். பிறகு மேலே நின்ற புருஷனைப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரை எதிர்த்து ஒரு சொல் பேசியவள் இல்லை. அன்றைக்கும் அவள் குரல் உயரவில்லை.

"என் கையாலல்லா எடுக்க வச்சிய."

காற்றில் இலை மாறிப்போச்சு என்று பிள்ளைவாள் ஏதோ ஆரம்பித்தார்.

"பேசாதிய. அம்மன்கிட்ட விட்ட காரியத்த நீங்களே கெடுத்துட்டிய. உங்க தம்பிக்கு என்ன சொன்னியளோ அதுதான் உங்களுக்கும். இந்தக் காரியத்துல இனி நீங்க வாயைத் தொறக்கப்பிடாது. அவ எங்க போகணும்னு அவளே பாத்துக்கிடுவா."

விஜயஸ்ரீயிடம் சொர்ணாம்பாள் விவரம் சொல்லவில்லை. பூ செல்லாது, உன் இஷ்டப்படி செய் என்று மட்டும் சொன்னாள். மகள் அப்பாவின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். அதிலேயே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். ஏன் என்று கேட்காமல் பஸ்ஸில் போய் உட்கார்ந்தாள்.

அந்தப் பயணம் பிள்ளைவாளுக்கு நரகமாக இருந்தது. தம்பிக்குப் போட்ட கட்டு அவர் வாயிலேயே வந்து விழுந்திருந்தது. சொல்ல நிறைய இருந்தது. பனி கொட்டுகிற ஊர், தெரியாத சனம், ஒற்றைப் பெண். ஒன்றையும் சொல்ல வழியில்லை. பஸ் வேறு முக்குக்கு முக்கு நின்று நின்று போனது.

டவுனில் பீர் மைதீனின் டெலிபோன் கடையில்தான் பேக்ஸ் மிஷின் உண்டு. தெரிந்தவர் கடை, கூடப் போய்விட்டு வாருங்கள், வாயை மட்டும் திறக்கவேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள் சொர்ணாம்பாள். போனார். விஜயஸ்ரீ காகிதத்தைக் கொடுத்தாள். பீர் மைதீன் எண்ணைத் தட்டினார். மிஷின் கொஞ்ச நேரம் கூவிவிட்டு அடங்கியது. மறுபடி தட்டினார். மறுபடி அடங்கியது. வெளிநாட்டு லைன் கிடைக்கவில்லை என்றார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லிவிட்டார்கள். பீர் மைதீன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"தொழுகைக்கு நேரமாச்சு. காலையில மொத வேலையா போட்டுத் தாரேன்" என்றார்.

இன்றைக்குத்தான் கடைசி என்றாள் விஜயஸ்ரீ. அதை அவள் கெஞ்சிச் சொல்லவில்லை. இரண்டு மாதம் கெஞ்சித் தீர்ந்துபோன குரல் அது.

பீர் மைதீன் அவளைப் பார்த்துச் சிரித்தார். "பிள்ளைக எப்பவுமே அவசரப்படும். ஒரு நாள்ல என்ன வந்திரப்போகுது? நீங்க சொல்லுங்க அண்ணாச்சி, காலையில போட்டாப் போதும்லா?"

பிள்ளைவாள் வாயைத் திறக்கவில்லை.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. திறக்கவே வேண்டியதில்லை. மனைவி சொன்னபடி சும்மா நின்றால் போதும். பீர் மைதீன் விளக்கை அணைப்பார், கதவைப் பூட்டுவார், ஹாலந்து போய்விடும். டெல்லி மிஞ்சும். ஆனியில் நாங்குநேரிக்காரர்கள் வருவார்கள். அம்மன் பேரிலும் பழி இல்லை, அவர் பேரிலும் பழி இல்லை. இரண்டு மாதம் அவர் எதற்காகப் பாடுபட்டாரோ அது கைக்குள் தானாக வந்து விழுகிறது. வாயை மூடிக்கொண்டிருப்பது ஒன்றுதான் வேலை.

மகளைப் பார்த்தார். அவள் இவரைப் பார்க்கவில்லை. கொடுத்த காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அப்பா பேசுவார் என்ற நினைப்பே அந்தக் கையில் இல்லை. அவரைக் குத்திப் பார்த்து, உள்ளே இருப்பது இதுதான் என்று எடைபோட்டு ஒதுக்கியாகிவிட்டது.

பீர் மைதீன் சாவிக்கொத்தை எடுத்தார்.

"இன்னொரு மட்டம் போடும்வே" என்றார் பிள்ளைவாள்.

"தொழுகைக்கு..."

"தொழுதுட்டு வாரும். நாங்க இங்கனயே இருக்கோம். ராத்திரி ஆனாலும் போட்டுட்டுத்தான் கடையப் பூட்டணும்."

விஜயஸ்ரீயின் கை காற்றிலேயே நின்றது. பீர் மைதீன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவர் திரும்பி வருகிற வரைக்கும் அப்பாவும் மகளும் முக்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். கூண்டு மாதிரிக் கடை, மின்விசிறியும் ஓடவில்லை. பிள்ளைவாளுக்கு மூச்சு முட்டியது, எழுந்து போகத் தோன்றவில்லை.

மூன்றாம் மட்டம் மிஷின் கூவியது, கீச்சிட்டது, காகிதத்தின் நுனியைப் பிடித்து உள்ளே இழுத்தது. பிள்ளைவாள் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். அந்தப் பக்கமாகக் காகிதம் அப்படியே முழுசாக வெளியே வந்தது.

"போயிட்டுப்பா" என்றாள் விஜயஸ்ரீ.

அவர் காகிதத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு எழுத்தும் குறையவில்லை.

"காயிதம் இங்கனதான கிடக்கு. போயிட்டுங்கியே" என்றார்.

"எழுத்து மட்டுந்தாம்பா போகும்" என்று அவள் காகிதத்தை வாங்கிப் பைக்குள் வைத்தாள். பீர் மைதீன் விளக்கை அணைத்துவிட்டு, அவர்கள் வெளியே வரட்டும் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.