துடுப்பில் ஐந்தாவது பெயர்

காலை பதினோரு மணிக்கு நான் எங்கள் பப்பின் கதவைத் திறக்கும்போதே ஆஸ்வின் வாசலில் இருபது பேரை நிறுத்திவைத்துப் புளுகிக்கொண்டிருந்தான். ஆக்ஸ்ஃபோர்டில் வழிகாட்டி என்று திரிகிறவர்களில் இவனளவுக்கு வாய்கூசாமல் பொய் சொல்கிறவன் கிடையாது.

"எதிர்ல காலேஜ் மதில் மேல பாருங்க, ஒத்தைக் காது கல் சிங்கம். அறுபத்தொம்பதுல படகுப் பந்தயத்துல ஜெயிச்ச காலேஜ் பசங்க அதுக்குத் தொப்பி மாட்டப் போனாங்க. இந்தப் பப்புல இருந்த உள்ளூர்க்காரன் ஒருத்தன், நானும் ஏறுறேன்னு குடிச்சிட்டு ஏறி, காதோட சேர்ந்து கீழ விழுந்தான்."

கூட்டம் சிரித்தது. தினமும் சிரிக்கும். நாசமாய்ப் போக.

அந்த உள்ளூர்க்காரன் என் அண்ணன் லெஸ்லி. அப்போது பத்தொன்பது வயது. அவன் ஏறவே இல்லை. ஜெயித்தவர்கள் சிங்கத்துக்குத் தொப்பி மாட்டுவது அந்தக் கல்லூரி வழக்கம். பெரிய வீட்டுப் பிள்ளைகள், தாங்கள் தொங்குவார்களா? ஒல்லியாக இருந்த அண்ணனை மதில்மேல் தூக்கிக்கொண்டு போய், காலைப் பிடித்துத் தலைகீழாக இறக்கினார்கள். பிறகு கால் அவர்கள் கையை விட்டுப் போனது. இடுப்பு நொறுங்கியது. இடது கால் இன்றுவரை சரியாக ஊன்றாது. அதற்கு ஈடாகக் கல்லூரி ஒரு துடுப்பு கொடுத்தது. ஆமாம், துடுப்புதான். ஜெயித்த படகின் துடுப்பில் எட்டுப் பேரின் பெயரையும் எடையையும் தங்க எழுத்தில் எழுதுவார்கள், அந்த மாதிரி ஒன்று. என் அப்பா அதைக் கும்பிடாத குறையாக வாங்கி பாருக்கு மேலே மாட்டினார். ஞாயிறுதோறும் துடைத்தார். கல்லூரிக்குச் சொந்தமான கட்டடத்தில் மூன்று தலைமுறையாகப் பப் நடத்திக் குடியிருந்தால் வருகிற புத்தி அது. அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதைக் கழற்றி அடுப்பில் வைத்திருப்பேன். ஆனால் துடுப்பு இருந்த இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று குத்தகைப் பத்திரத்திலேயே ஒரு வரி இருக்கிறது.

பப்பின் குத்தகை செப்டம்பரில் முடிகிறது. புதுப்பிப்பதும் புதுப்பிக்காததும் கல்லூரிச் சொத்துகளைப் பார்த்துக்கொள்ளும் டாக்டர் ஃபென்விக் கையில். அவர்தான் மதியம் ஹாலமை அழைத்துக்கொண்டு வந்தார். ஹாலம் அன்று ஜெயித்த எட்டுப் பேரில் ஒருவர். அந்த வெற்றியின் ஐம்பதாம் ஆண்டு விருந்துக்காக வந்திருக்கிறாராம். ரோஜா நிற டை, சிவந்த கழுத்து. உள்ளே நுழைந்ததும் துடுப்பைப் பார்த்துக் குழந்தை மாதிரிச் சிரித்தார்.

"அந்தக் குரங்கு இன்னும் இங்கதான் இருக்கானா? அப்படித்தான் கூப்பிடுவோம் அவனை. தங்கமான பையன்."

ஃபென்விக் என் பக்கம் குனிந்தார். "துடுப்புக்குக் கீழ இவரும் லெஸ்லியும் சேர்ந்து ஒரு போட்டோ, அவ்வளவுதான் தெல்மா. செப்டம்பர்ல நாம உக்காந்து பேசணும் இல்லையா?"

"போட்டோவுல அவன் நேரா நிக்கணுமா, நொண்டணுமா?" என்றேன்.

அதற்குள் துடுப்புக்கு அடியில் தன் வழக்கமான நாற்காலியில் இருந்த அண்ணன் ஊன்றுகோலோடு எழுந்துவிட்டான். இவனும் அப்பா மாதிரிப் பல்லிளித்துவிடுவானோ என்று பயந்தேன். குத்தகைக்காக அவன் இளித்தாலும் என்னால் தடுக்க முடியாது. எங்கள் இருவருக்கும் போக வேறு இடம் இல்லை.

"படகுல நீங்க எத்தனாவது சீட்டு சார்?"

"அஞ்சு," என்றார் ஹாலம்.

"ஹாலம். பதினாலு ஸ்டோன், மூணு பவுண்டு." மேலே பார்க்காமலே சொன்னான்.

ஹாலமுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "எடையைக்கூட ஞாபகம் வச்சிருக்கியே."

"அம்பது வருஷமா இதுக்குக் கீழதான உக்கார்றேன். எட்டுப் பேருல நீங்கதான் கனம். என் இடது கால் உங்க கையிலதான் இருந்துச்சு. அந்தக் கைதான் முதல்ல விட்டுது. வழுக்கிடுச்சா சார்?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். ஐம்பது வருடமாக நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். கை வழுக்காத மனிதர் உண்டா?

ஹாலம் துடுப்பைப் பார்த்தார், ஃபென்விக்கைப் பார்த்தார். "காவலாளி வரான்னு யாரோ சொன்னாங்க. எல்லாரும் ஓடிட்டோம்," என்றார்.

"உங்களைப் புடிச்சிருந்தா என்ன பண்ணியிருப்பாங்க?"

"ரெண்டு வாரம் சாயங்காலத்துல காலேஜை விட்டு வெளிய விடமாட்டாங்க."

"ரெண்டு வாரம்," என்றான் அண்ணன். கோபமாகச் சொல்லவில்லை. கடைக்காரர் சொன்ன விலையைத் திருப்பிச் சொல்வதுபோலச் சொன்னான்.

ஃபென்விக் போட்டோ எடுக்கத் தூக்கிய செல்போனை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். நான் இந்த நேரத்தில் ஏதாவது வேடிக்கையாகப் பேசி, ஆளுக்கொரு கோப்பை ஊற்றிக்கொடுத்து, எல்லாவற்றையும் மூடிமறைக்க வேண்டும் என்பது அந்தப் பார்வை. எனக்கு அது புரிந்தது. செப்டம்பரும் புரிந்தது. கோப்பைகளை இருந்த இடத்திலேயே விட்டேன்.

ஹாலம் கையை நீட்டினார். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை இன்னும் தளராத, மிகப் பெரிய கை. அண்ணன் ஊன்றுகோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.