திரும்பி வரும் தாளம்

ஒத்திகையை நடத்திக்கொண்டிருந்த எங்கள் மேஜர் க்ரூமின்ஷ், தாளம் காட்டும் கோலைக் கீழே வைத்துவிட்டார். பாட்டு தொடங்கி நான்கு வரிகூட ஆகியிருக்காது. சாக்ஸபோன்கள் ஒவ்வொன்றாக அடங்கின. கடைசியாக நின்றது டிரம்ஸ். வாசித்தவர் அமெரிக்க ராணுவ பேண்டின் சார்ஜென்ட் டுப்ளெசி. அந்தப் பாட்டை ஜாஸாக மாற்றி எழுதியவரும் அவர்தான். மேஜரின் முகத்தைப் பார்த்து, யாரோ அபஸ்வரம் வாசித்துவிட்டார்கள் என்று நினைத்துத் தன் ஆட்களை முறைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

அன்று மாலை குல்டிகா நகர அரங்கில் அவர்களும் எங்கள் லாத்விய ராணுவ பேண்டும் சேர்ந்து வாசிக்க வேண்டும். எங்களுக்கு அன்பளிப்பாக இருக்கட்டும் என்று எங்கள் நாட்டுப்பாட்டு ஒன்றையே எடுத்து, துள்ளத் துள்ள அமைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் ஊரில் கோடையில் வரும் கல்லறைத் திருநாளன்று குடும்பம் குடும்பமாகப் போய், கல்லறை மணலைச் சீவிச் சமன்செய்து, பூ வைத்துவிட்டுப் பாடுகிற பாட்டு அது. அதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும். நட்பு வளர்க்க அனுப்பப்பட்டவர்கள் செத்தவர் வீட்டில் ஆட்டம் போட வந்தது போல ஆகிவிட்டது.

"இது ஆடுற பாட்டு இல்லன்னு சொல்லு, ஜிந்த்ரா" என்றார் மேஜர். நான் டிரம்போன் வாசிப்பவள். ஆங்கிலம் தெரிந்த பாவத்துக்கு மொழிபெயர்ப்பும் என் தலையில். "சோவியத்காரங்க நாடுகடத்தின சைபீரியால எங்கம்மா அவங்க தம்பிய புதைச்சப்போ இதத்தான் பாடினாங்க. பெட்டிகூட இல்லாம புதைச்சாங்க. சாயங்காலம் அவங்க முன்வரிசையில உக்காந்திருப்பாங்க. அதையும் சொல்லு."

சொன்னேன். டுப்ளெசி எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். மன்னிப்புக் கேட்டு இசைக்குறிப்புக் காகிதங்களைச் சுருட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். மனுஷன் உட்கார்ந்து யோசித்தார்.

"அப்போ இது எங்க ஊர்ப் பாட்டு மாதிரிதாம்மா" என்றார். "நியூ ஆர்லியன்ஸ்ல எங்கப்பா போனப்போ பேண்டு வச்சுத்தான் கொண்டுபோனோம். போகும்போது அழுகைப் பாட்டு, மெதுவா. டிரம்முக்கு அடியில, தோலுக்கும் கம்பிக்கும் நடுவுல ஒரு துணிய சொருகிடுவோம். சத்தம் மழுங்கி வரும். புதைச்சிட்டுத் திரும்பறப்போ துணிய உருவிடுவோம். அப்புறம் ஒரே ஆட்டந்தான். அவர வழியனுப்பியாச்சு, நாம வீட்டுக்குப் போகணும்ல?"

மேஜர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். அவருடைய முதுகு பேசும் என்பது எங்களுக்குத் தெரியும். இரண்டு பேண்டும் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மெதுவான பாகத்த நாங்க வாசிக்கிறோம்" என்றார் கடைசியில். "முடிஞ்சதும் அவன் என்னைப் பாக்கட்டும். நான் தலையசைச்சா துணிய எடுக்கட்டும். இல்லேன்னா அதோட சரி." பிறகு தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். "துணி வேணும்னானே, இந்தா."

மாலையில் அரங்கு நிரம்பியிருந்தது. முதல் சில பாட்டுகளுக்கு நன்றாகவே கைதட்டினார்கள். பிறகு எங்கள் கொம்புகள் அந்தப் பாட்டைத் தொடங்கின. நாற்காலிகள் நகரும் சத்தம். கூட்டம் முழுக்க எழுந்து நின்றது. மேஜரின் அம்மா கைத்தடியை ஊன்றி எழுந்தார். யாரும் பாடவில்லை, உதடுகள் மட்டும் அசைந்தன. டுப்ளெசியின் மழுங்கிய முரசு எங்களுக்குக் கீழே, மண்ணில் விழும் காலடி போலக் கேட்டது. வேற்று நாட்டுக்காரர் ஒருவர் எங்கள் துக்கத்தை இத்தனை பதமாகத் தூக்கிக்கொண்டு வருவார் என்று நான் நினைத்ததே இல்லை.

பாட்டு முடிந்தது. டுப்ளெசி மேஜரைப் பார்த்தார். மேஜர் தன் அம்மாவைப் பார்த்தார். அம்மா உட்காரவில்லை. எல்லாரும் நின்றபடியே இருந்தார்கள்.

மேஜர் தலையசைக்கவில்லை. போச்சு, அவ்வளவுதான் என்று கருவியை மடியில் இறக்கினேன். அவர் மேடையின் குறுக்கே நடந்து டிரம்ஸ் பக்கம் போனார், குனிந்தார், தன் கைக்குட்டையைத் தானே உருவினார்.

டுப்ளெசி ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. கம்பிகள் சடசடவென்று விழித்துக்கொண்டன, சாக்ஸபோன்கள் பாய்ந்தன. கூட்டம் திகைத்தது. பின்வரிசையில் யாரோ கைதட்டத் தொடங்கினார், அணிவகுப்புக்குத் தட்டுகிற மாதிரி, ஒன்றிலும் மூன்றிலும்; ஜாஸுக்கு இரண்டிலும் நான்கிலும்தான் தட்ட வேண்டும். கொஞ்ச நேரத்தில் அரங்கமே அப்படித் தட்டியது. ஜாஸ்காரர்களுக்கு அது காதில் எறும்பு போனது போல. டுப்ளெசி சிரித்துவிட்டு, தன் அடியை அவர்கள் தட்டும் இடத்துக்கே நகர்த்திக் கொடுத்தார். இத்தனை பெருந்தன்மையான தாளத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

மேஜர் கோலை எடுக்கத் திரும்பி வரவே இல்லை. கைக்குட்டையோடு டிரம்ஸ் பக்கத்திலேயே நின்றார், அம்மாவைப் பார்த்தபடி. கல்லறையிலிருந்து திரும்புகிறவர்கள் கைக்குட்டையைத் தலைக்கு மேல் வீசிக்கொண்டே ஆடி வருவார்கள் என்றும் டுப்ளெசி மதியம் சொல்லியிருந்தார். மேஜருக்கு அது அதிகப்படி என்று நினைத்து நான் மொழிபெயர்க்காமல் விட்டிருந்தேன்.

டுப்ளெசியின் அமைப்பில் எங்கள் டிரம்போனுக்கும் ஒரு பாகம் இருந்தது; என் முறை வந்தது. கருவியை உதட்டில் வைக்கும்போது பார்த்தேன். மேஜரின் கை மெல்ல எழுந்தது. முகத்தைத் துடைக்கத்தான் என்று நினைத்தேன். கை முகத்தைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது.