படத்தில் வேண்டாம் என்ற கை

பாப்பம்மாவின் வீட்டைக் கொளுத்தியவர்கள் முகத்தில் துணி கட்டியிருந்தார்கள். அது இரண்டாயிரத்தில், எங்கள் தீவின் தலைநகர் சுவாவில் இந்தியர் தலைமையிலான ஆட்சியைக் கவிழ்த்த மறுவாரம். முகம் தெரியாவிட்டாலும் ஒரு கையை அவள் பார்த்துவிட்டாள். கொள்ளிக்கட்டை பிடித்த இடது கை; அதில் இரண்டு விரல் இல்லை. பக்கத்து வீட்டுப் பூர்வகுடிக் காய்வீத்தி குடும்பம்தான் அவளை மரவள்ளித் தோட்டத்தில் ஒளித்துவைத்துக் காப்பாற்றியது. போலீசிடம் எதையும் பார்க்கவில்லை என்றாள். அதைப் படமாக வரையப்போகும் என்னிடம் மட்டும் சொன்னாள்.

"படத்துல அந்தக் கை வேணாம் டீச்சர். ஆக்லாந்து விசா வர்ற வரைக்கும் நான் உசுரோட இருக்கணும்."

சரி என்று தலையாட்டினேன். வரைய உட்கார்ந்தபோது மனசு கேட்கவில்லை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் மாம்பழமும் பூச்சாடியும் வரையச் சொல்லிக் கொடுத்தவள் நான். உண்மையாக ஒரு படமாவது வரையக் கூடாதா என்ற வீம்பு. எரியும் தகரக் கூரை, ஓடும் பெண், முன்னால் பெரிதாக அந்தக் கை. லவுத்தோக்கா நகர ஓவியக் கண்காட்சியில் எல்லாரும் அதன் முன்னால்தான் நின்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கண்காட்சியின் மூன்றாம் நாள் மத்தியானம், இஸ்திரி போட்ட சட்டையில் ஒருவன் அரங்குக்கு வந்தான். செய்தித்தாளில் சுற்றிய யங்கோனா வேர்க்கட்டு ஒன்றை மார்போடு அணைத்திருந்தான். இடது கை தாளுக்குள் மறைந்திருந்தது. மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் அந்த வேரைக் கொண்டுபோவது இங்கே வழக்கம். "எங்க பக்கத்துப் பையன்கள் செய்த தப்பு. அந்த அம்மா முன்னால் இதை வைக்கணும்" என்று இந்தியில் பணிவாகச் சொன்னான். என் படம் ஒரு மனசைக் கரைத்துவிட்டதே என்று பூரித்துப்போனேன். அவள் வரதோலியில் தங்கச்சி வீட்டில் இருப்பதை, தெருவின் பெயரோடு சொல்லிவிட்டேன்.

நன்றி சொல்லி, வேரைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தான். கைப்பிடியில் மூன்றே விரல்கள்.

வாசலில் நின்ற டாக்சி அவனை ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போயிற்று. வேர்க்கட்டு பெஞ்சிலேயே கிடந்தது. பாவி, நான் என்ன காரியம் செய்துவிட்டேன்!

ஓடிப்போய் போன் போட்டேன். பாப்பம்மாவே எடுத்தாள்.

"டீச்சரா? படம் எப்படி வந்திருக்கு? அந்தக் கைய போடலைதானே?"

"அக்கா, மொதல்ல கதவைத் தாழ்ப்பா போடு" என்றேன்.

போனில் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"எத்தனை மணிக்குக் கெளம்பினான்?" என்றாள்.