பெல் அடிக்க ஆளில்லாத பஸ்

டிரைவர் வேலை போன பிறகும் அவரை டிப்போவில் எல்லோரும் டிரைவர் என்றுதான் கூப்பிட்டார்கள். பஸ் கழுவும் கொட்டகையில் ரப்பர் குழாயும் கையுமாக நிற்கிற மனிதரை அப்படிக் கூப்பிடுவது மரியாதையா கிண்டலா என்று அவருக்கே சில நாள் சந்தேகம் வரும். கண் டாக்டர் இடது கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே பஸ் மட்டுமில்ல, காரும் வேண்டாமே" என்று சொன்ன அன்றே ஸ்டீயரிங் கையை விட்டுப் போயிற்று. வீட்டுக்கு அனுப்பாமல் கொட்டகையில் வைத்துக்கொண்டது நிர்வாகத்தின் பெரிய மனசு என்றார்கள். சம்பளத்தைக் குறைத்தது எந்த மனசு என்று யாரும் சொல்லவில்லை.

சரி, ஒருத்தர் சம்பளம் இளைத்தால் இன்னொருத்தர் சம்பளம் தாங்கும் என்று இருந்தார்கள். அவர் மனைவி அதே டிப்போவில் கண்டக்டர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கண்டக்டர். அவர் ஓட்டிய பஸ்ஸில் அவள் பெல் அடிக்க, அவர் கிளப்ப, அப்படியே பேச்சு வளர்ந்து கல்யாணத்தில் வந்து நின்றது. "நான் பெல் அடிச்சா கிளம்புற ஆளு, நிறுத்தச் சொன்னா நிறுத்துற ஆளு, வேற என்ன வேணும்" என்று அவள் தன் அண்ணனிடம் சொன்னதாகக் கேள்வி.

அந்த நிம்மதியிலும் மண் விழுந்தது. புது பஸ்கள் வருகின்றன, முன்வாசலில் மெஷின் இருக்கும், பயணிகளே அட்டையைக் காட்டி ஏறிக்கொள்வார்கள், இனி கண்டக்டர் என்ற வேலையே கிடையாது என்று டிப்போ மேனேஜர் எல்லோரையும் முற்றத்தில் நிற்கவைத்துச் சொன்னார். ஹெவி லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வருகிற கண்டக்டர்களுக்கு ஒரு சோதனை வைப்பார்கள். தேறினால் டிரைவர் வேலை. தேறாவிட்டால் கைகுலுக்கி வழியனுப்பிவிடுவார்கள். சோதனை ஒரே ஒரு தடவைதான்.

வீட்டில் ஒரே மகள். பள்ளிப்படிப்பை முடித்தவளுக்கு வேறு ஊரில் நர்ஸிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. ஹாஸ்டலுக்கு என்னென்ன எடுத்துப் போகவேண்டும் என்று யோசித்து, பெட்டியைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தாள். டிப்போ செய்தி வீட்டுக்கு வந்த சாயங்காலம், யாரும் எதுவும் சொல்லாமலே பெட்டியைப் பரண்மேல் திரும்ப ஏற்றிவிட்டாள்.

"மொபைல் கடைல ஆள் கேக்கறாங்கப்பா. ஒரு வருஷம் போயிட்டு வர்றேன். அப்புறம் படிச்சுக்கலாம்" என்றாள், கடைக்குப் போய் சோப்பு வாங்கி வருகிற மாதிரி. அப்படி ஒரு வருஷம் என்று போனவர்களில் எத்தனை பேர் திரும்பப் படிக்க வந்தார்கள் என்பது அந்த வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும்.

அம்மாக்காரி பரணை நிமிர்ந்து பார்த்தாள். "பெட்டிய எறக்கு. நான் பஸ் ஓட்டப் போறேன்."

டிரைவருக்கு முதலில் சிரிப்பு வந்தது, பின்னாலேயே பயமும் வந்தது. அதுவும் இரண்டு பயம். இவள் தேறாவிட்டால் குடும்பம் என்னாவது என்பது ஒன்று. அதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். தேறிவிட்டால் அப்புறம் நான் யார் என்பது இன்னொன்று. அதைத் தனியாக இருக்கும்போது வாய்விட்டுச் சொல்லக்கூட அவருக்குக் கூச்சமாக இருந்தது. அந்த வீட்டில் பஸ் ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கண் கைவிட்டு, சம்பளம் குறைந்து, அந்த ஒரு பெருமைதான் இன்னும் மிச்சம் இருந்தது.

இருந்தாலும் விட்டுக்கொடுக்க முடியுமா? "நானே கத்துத் தர்றேன்" என்று முன்வந்தார். இப்படி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட கணவன்மார்கள் உலகத்தில் ஏராளம். டிப்போவுக்குப் பின்னால் உள்ள காலி மைதானத்தில், ஓய்ந்துபோன ஒரு பழைய பஸ்ஸில் பாடம் ஆரம்பமாயிற்று. பாடம் என்பது மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை. அவர் செய்தது முழுக்க முழுக்கக் கத்தல்.

"கிளட்ச், கிளட்ச், அட கிளட்ச்ங்கறேன். காலா அது, உலக்கையா?"

மூன்றாம் நாள் அவள் பஸ்ஸை மைதானத்தின் நட்டநடுவில் நிறுத்தி, சாவியை உருவிக்கொண்டு கீழே இறங்கினாள்.

"வீட்டுக்கு வாங்க, சாப்பாடு போடறேன். பஸ்ஸுக்குள்ள இனிமே நீங்க எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம்."

"அப்ப வேற யாரு சொல்லித் தருவா?"

"காசு குடுத்தா சொல்லித் தர்றவங்க ஊர்ல இல்லையா? அவங்க காச வாங்கிட்டு மரியாதையாவும் பேசுவாங்க."

லாரி ஓட்டக் கற்றுத்தருகிற பள்ளியில் போய்ச் சேர்ந்தாள். காலையில் அங்கே போய்விட்டு நேரே டியூட்டிக்குப் போவாள். அடுப்படி அவர் தலையில் விழுந்தது. முதல் வாரம் மகள் வாயைத் திறக்காமல் சாப்பிட்டாள். அப்புறம் உப்பு கேட்டாள். கொஞ்ச நாளில் இன்னொரு கரண்டி கேட்டாள். அதில் டிரைவருக்கு வந்த தலைக்கனத்தைப் பற்றித் தனியாக ஒரு கதை எழுதலாம்.

மனைவியின் பாடம் எப்படிப் போகிறது என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் மேஜைக்கடியில் அவள் இடதுகால் தானாக அழுந்தி எழும். அவர் பார்ப்பார், பார்க்காத மாதிரி குழம்பை நகர்த்தி வைப்பார். ஒருநாள் அவள் மகளிடம் சொல்வது காதில் விழுந்தது. "மத்ததெல்லாம் பரவாயில்லடி. மேட்டுல நிறுத்தி எடுக்கும்போதுதான் வண்டி பின்னால உருளுது. அத நெனச்சாதான் தூக்கம் வரமாட்டேங்குது." அவருக்கு நாக்கு துறுதுறுத்தது. கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

லைசென்ஸ் வந்தது. சோதனை நாளும் வந்தது. காலி பஸ்ஸில் சோதனை வைக்கமாட்டார்கள். ஆள் ஏற்றிய பஸ் ஒரு மாதிரி ஓடும், காலி பஸ் வேறு மாதிரி ஓடும். அதனால் டியூட்டி இல்லாத கண்டக்டர்களையும் ஒர்க்‌ஷாப் ஆட்களையும் பயணிகளாக உட்கார வைத்தார்கள். சிலரை நிற்கவும் வைத்தார்கள். டிரைவரும் கொட்டகையிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஏறிவிட்டார். இறங்கச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

சோதனை எடுக்க வந்த அதிகாரி, தானும் ஒரு காலத்தில் பஸ் ஓட்டியவர். முன் சீட்டில் உட்கார்ந்து திரும்பி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"ஒருத்தரும் பேசக்கூடாது. சைகை காட்டக்கூடாது. யாராவது உதவி பண்ணினா சோதனை அத்தோட முடிஞ்சுது. ஏம்மா, உங்களுக்கும் சொல்லிடறேன். பெரிய தப்பு ஒண்ணு வரைக்கும் பொறுத்துக்குவேன். ரெண்டாவது வந்தா ஓரங்கட்டிட்டு எறங்கிக்கலாம்."

"சரிங்க சார்" என்றாள். குரல் நடுங்கவில்லை.

பஸ் டிப்போ வாசலைத் தாண்டி, மெயின் ரோட்டில் கலந்து, முதல் ஸ்டாப்பில் அழகாக ஓரம் சேர்ந்து நின்றது. முன்னேற்பாட்டின்படி அங்கே காத்திருந்த இரண்டு மெக்கானிக்குகள் ஏறினார்கள். கதவு மூடியது. பஸ் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

அதிகாரி அவளைப் பார்த்தார். அவள் ரோட்டைப் பார்த்தாள். கியர் விழுந்திருக்கிறது, கால் கிளட்ச்சில் இருக்கிறது, கை ஸ்டீயரிங்கில் இருக்கிறது. ஒரு குறையும் இல்லை. பஸ் மட்டும் நகரவில்லை. பின்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போயிற்று.

வெளியாள் யாராவது பார்த்திருந்தால் பயத்தில் உறைந்துவிட்டாள் என்றுதான் நினைத்திருப்பார்கள். பஸ்ஸுக்குள் இருந்த கண்டக்டர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவள் இரண்டு பெல்லுக்காகக் காத்திருக்கிறாள். இத்தனை வருஷம் ஆட்கள் ஏறி முடித்து, இரண்டு பெல் விழுந்தால்தான் பஸ் நகரும். அந்தப் பெல்லை அடித்தவளே அவள்தான். இன்றைக்கு அவள் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், பின்னால் அடிக்க ஆளில்லை என்பது அவள் மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியவில்லை.

பெல் கயிறு டிரைவரின் தலைக்கு நேர் மேலே தொங்கியது. இழுத்தால் போதும், அடுத்த நொடி பஸ் கிளம்பிவிடும். சோதனையும் அத்தோடு முடிந்துவிடும். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

சீட்டுகளுக்கு நடுவே நின்ற அரைடிக்கெட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அரைடிக்கெட் என்பது உயரத்தை வைத்து டிப்போ சூட்டிய பெயர், ஆளுக்கு வயது நாற்பதுக்கு மேல். பிறவிக் கண்டக்டர். பஸ் நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல் குதிகாலைத் தூக்கி, எம்பி, கயிற்றுக்குக் கையை நீட்டிவிட்டான். டிரைவர் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார். அவன் இழுக்க, இவர் பிடிக்க, இரண்டு பேரும், முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்த அதிகாரிக்குக் கேட்காமல், முகம் சிவக்க, கயிற்றுக்குக் கீழே மல்லுக்கட்டினார்கள்.

கண்ணாடியில் அவள் அதைப் பார்த்தாள். ஒரு கணம் விழித்தாள். அப்புறம் தோள் குலுங்கச் சிரித்துவிட்டாள். "அட கடவுளே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பக்கக் கண்ணாடியைப் பார்த்து, பஸ்ஸைக் கிளப்பினாள்.

"ஒண்ணு" என்றார் அதிகாரி, பேனாவால் குறித்துக்கொண்டே.

இனி ஒரு தப்புக்குக்கூட இடமில்லை. மகளின் பெட்டி, அவள் படிப்பு, வீடு, எல்லாம் அந்த ஒரு எண்ணின் மேல் உட்கார்ந்திருந்தது. அடுத்த ஸ்டாப்பில் நிறுத்தினாள், உள்கண்ணாடியில் எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள், எடுத்தாள். அதற்கடுத்ததிலும் அப்படியே. அப்புறம் ஆஸ்பத்திரி மேடு வந்தது. பாதி மேட்டில் அதிகாரி சொன்னார்: "இங்க நிறுத்துங்க. இப்ப எடுங்க."

டிரைவரின் வலதுகால் தரையை மிதித்தது. அவருக்கு ஒரு வழி உண்டு. ஆக்ஸிலேட்டரை உறுமவிட்டு, ஹேண்ட்பிரேக்கைப் படக்கென்று விட்டால் வண்டி துள்ளி ஏறிவிடும். அப்படி எடு, அப்படி எடு என்று மனசுக்குள் மன்றாடினார். அவள் அப்படி எடுக்கவில்லை. கிளட்ச்சை மெதுவாக, மெதுவாக விட்டாள். எஞ்சின் முனகி, பஸ்ஸின் மூக்கு லேசாகத் தூக்கியது. அப்போதும் அவசரப்படவில்லை. அப்புறம்தான் பிரேக்கை விட்டாள். அத்தனை பேரையும் சுமந்த பஸ் ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாமல் மேட்டில் ஏறியது.

டிரைவர் மூச்சை விட்டுத் திரும்பியபோது அரைடிக்கெட் சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டிருந்தான். மல்லுக்கட்டில் கலைந்த முடி. ஒரு கையால் சீவி, மறுகையால் படிய வைத்துக்கொண்டிருந்தான். கம்பியைப் பிடிக்கவில்லை. மேட்டில் ஏறுகிற பஸ்ஸில், நின்றபடி, கம்பியைப் பிடிக்காமல்.

அவர் ஓட்டிய காலத்தில் இதே மேட்டில் ஜனங்கள் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வயசானவர்கள் சாமி கும்பிடுவார்கள். "பின்னால நிக்கறவங்களயும் கொஞ்சம் நெனச்சு ஓட்டுங்க, என் இடுப்ப வந்து பாருங்க" என்று அவள் தினமும் சொல்வாள். பொண்டாட்டி புலம்பல் என்று இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுவார். அவர் சொகுசாக உட்கார்ந்து ஓட்டிய அத்தனை வருஷமும் அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொரு பிரேக்கும், ஒவ்வொரு குலுக்கலும் அவள் காலுக்கும் இடுப்புக்கும் மனப்பாடம். இப்போது அவள் அந்த நிற்கிற கால்களுக்காக ஓட்டுகிறாள்.

பொறாமை வரும் என்று பயந்து வைத்திருந்த இடத்தில் பெருமை வந்து கால்நீட்டி உட்கார்ந்துகொண்டது. இவள் என்னைவிட நன்றாக ஓட்டுகிறாள் என்று தனக்குள் தெளிவாகச் சொல்லிப் பார்த்தார். வலிக்கவில்லை. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார், நன்றாகவே இருந்தது.

பஸ் டிப்போவுக்குத் திரும்பி, ரிவர்ஸில் கோட்டுக்குள் போய் நின்றது. அதிகாரி தாளை மடித்தார்.

"ஒரு ஸ்டாப்ல தூங்கிட்டீங்க. அத விட்டா ஒண்ணும் சொல்றதுக்கில்ல. பாஸ்."

பஸ்ஸே கைதட்டியது. அவள் ஸ்டீயரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

"மேட்டுல எடுத்தீங்களே, எனக்கே அப்படி வராது. யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"வேற யாரு சார்? வீட்டுலயே வாத்தியார் இருக்காரே, நம்ம டிரைவர் அண்ணன்" என்றான் அரைடிக்கெட். எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். கொட்டகைக்குப் போன பிறகு அவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அவளும் நிமிர்ந்து கண்ணாடியில் பார்த்தாள். மைதானத்தில் அவர் கத்திய அந்த மூன்று நாளும் அவளுக்கு மறந்திருக்காது. ஆனாலும், "ஆமா சார், இவர்தான்" என்றாள்.

எத்தனை சுலபமாகக் கொடுத்துவிட்டாள். தலையை ஆட்டினால் போதும், பழைய மரியாதை எல்லாம் திரும்பக் கைக்கு வந்துவிடும். டிரைவர் எழுந்து நின்றார்.

"பொய் சொல்றாங்க சார். என்கிட்ட கத்துக்கிட்டிருந்தா நீங்க இப்ப நெத்தியில கட்டுப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பீங்க. இவங்களா கத்துக்கிட்டது இது. எனக்கு இதுல ஒரு பங்கும் கிடையாது."

பஸ் முழுக்கச் சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் இறங்கிப்போய் கொட்டகை ஓரமாக நின்று மகளுக்குப் போன் போட்டார். ஒரே மணியில் எடுத்தாள்.

"கடைக்காரங்ககிட்ட வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிடும்மா" என்றார்.

அந்தப் பக்கம் அழுகையும் சிரிப்புமாக என்னவோ கேட்டது. அம்மா எப்படிப்பா ஓட்டினாங்க, நல்லா ஓட்டினாங்களா என்று மகள் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"திங்கக்கெழம மொத சர்வீஸு உங்கம்மாவுதுன்னு சொல்றாங்க. நான் ஏறப் போறேன். சீட் காலியா இருந்தாலும் உக்கார மாட்டேன்மா. கடைசி ஸ்டாப் வரைக்கும் நின்னுட்டேதான் போவேன்."